சக்கரத்தின் பின்னால் ஒரு சிறு துருத்தி

கோடை விடுமுறை நெருங்கும் நாட்களில், வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் எழுவது வழக்கம். ரயிலில் இடம் கிடைத்ததா என்பது ஒன்று. கிடைக்காவிடில் காரிலேயே ஊருக்குப் புறப்பட்டுவிடலாமா என்பது மற்றொன்று. தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். முன்னாளில் இப்படியொரு பயணத்தை நினைத்துப் பார்க்கவும் அஞ்சுவர். இன்றோ ஆக்ரா, ஜான்சி, நாகபுரி, ஐதராபாத் என்று நெடுஞ்சாலையைப் பிடித்து, மூன்று நான்கு நாட்களில் ஊர் சேருகிறவர்கள் பலர்.

புறப்படுமுன் செய்யும் ஆயத்தங்களுக்குக் குறைவில்லை. டயருக்குக் காற்று அடைக்கப்படும். எஞ்சின் எண்ணெய் மாற்றப்படும். வழிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டப்படும். காருக்கு எலுமிச்சம்பழம் வைப்பதையும் நாம் மறப்பதில்லை. ஆனால் அந்த எலுமிச்சம்பழத்தை வைக்கக் குனிகிற ஒருவர், இன்னும் ஒரு சாண் உள்ளே தலையை நீட்டி முன்சக்கரத்தின் பின்புறத்தைப் பார்ப்பாராயின், அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறையைக் காண்பார். மெக்கானிக்குகள் அதனை ‘ஆக்ஸில் பூட்’ என்பர். சில நூறு ரூபாய் விலையுள்ள அந்த உறை கிழிந்திருக்கிறதா, முழுமையாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பல ஆயிரம் ரூபாய்ச் செலவு நேர்வதும் நேராததும், நடுவழியில் குழந்தைகுட்டிகளோடு நிற்பதும் நில்லாததும் அமையும். அதனைப் பற்றிச் சற்று விரிவாகவே இங்கே எழுத எண்ணுகிறோம்.

நம் பெற்றோர் தலைமுறையினர் இவ்வுறையை அறியார். அது அவர்கள் குற்றமன்று. அவர்கள் ஓட்டிய அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் எஞ்சின் முன்னே இருந்தது. உந்துவிசை பின்சக்கரங்களுக்குச் சென்றது. வண்டியின் அடியில் நெடுக ஓடும் ஒரு தண்டு, பின்னேயுள்ள கனத்த இரும்புக் குழாய்க்குள் அடங்கிய இருசுகளைச் சுழற்றும். பின்சக்கரங்கள் இடமும் வலமும் திரும்ப வேண்டியதில்லை. ஆதலின் அவ்விருசுகளுக்கு மடங்கும் மூட்டும் வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. எஞ்சின் முன்னே குறுக்காக அமர்ந்து, முன்சக்கரங்களையே உந்தும் அமைப்பு அதனோடுதான் நம் நாட்டின் நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்குப் பெருவாரியாக வந்து சேர்ந்தது. 1998-இல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புறப்பட்ட சாண்ட்ரோவும் அவ்வினமே. இன்று நம் குடியிருப்புகளில் நிற்கும் சிறு கார்களில் மிகப் பெரும்பாலானவை முன்சக்கர உந்துகை உடையவையே.

முன்சக்கரத்தை உந்துவதென்றால் அதில் ஒரு சங்கடம் உண்டு. அதே சக்கரம் பள்ளம் மேடுகளில் மேலும் கீழும் ஆட வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இவ்வளவு ஆட்டத்துக்கும் இடையே எஞ்சினின் சுழற்சி தடைபடாமல் அதனைச் சென்றடைய வேண்டும். இருசின் இரு நுனிகளிலும், நம் முழங்கையும் தோளும் போல, இரண்டு மூட்டுகள் இல்லாமல் இது நடவாது.

மடங்கும் மூட்டு என்பது புதிய எண்ணமன்று. சிலுவை வடிவான ஒரு துண்டின் இரு பக்கங்களிலும் இரண்டு கவைகளைப் பொருத்திச் செய்யும் மூட்டினை 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் விளக்கியுள்ளார். அம்பாசிடரின் நீண்ட தண்டில் இருந்ததும் அவ்வகையே. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. மடங்கிய நிலையில் அது சீராகச் சுழலாது. ஒரு நுனியை ஒரே வேகத்தில் சுழற்றினாலும் மறுநுனி ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் சுழலும். 30 பாகை மடங்கினால் வேகம் நூற்றுக்கு 87 ஆகக் குறைந்தும் 115 ஆகக் கூடியும் ஊசலாடும். இத்தகைய மூட்டை முன்சக்கரத்தில் வைத்து வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் கையிலேயே குலுங்கும்.

இதற்கு 1920-களில் விடை கண்டவர்களுள் ஒருவர் ஆல்ஃபிரட் செப்பா என்னும் பொறியாளர். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், இரண்டிலும் வளைந்த பள்ளங்கள் ஆறு, அப்பள்ளங்களில் ஆறு எஃகுப் பந்துகள், பந்துகளை ஒரே தளத்தில் பிடித்து நிறுத்த ஒரு கூடு. மூட்டு எவ்வளவு மடங்கினாலும், பந்துகள் நிற்கும் தளம் அம்மடிப்பின் கோணத்தைச் சரிபாதியாக வகுக்கும்படி அமைத்ததே இதிலுள்ள நுட்பம். அதனால் இரு பக்கங்களும் எக்கணமும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 1959-இல் வெளியான ஆங்கில நாட்டு ‘மினி’ கார் இவ்வகை மூட்டைச் சிறிய, மலிவான வண்டிக்குள் வெற்றியோடு புகுத்திக் காட்டியது. நம் கார்களின் சக்கரப் பக்கத்து மூட்டு இன்றும் இதன் வழிவந்ததே. கியர்ப்பெட்டியின் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. மூன்று கால்களில் மூன்று உருளைகள் அமைந்து, மடங்குவதோடு உள்ளும் புறமும் சறுக்கவும் வல்லது அது. ஆக, ஒரு காருக்கு இரண்டு இருசுகள், நான்கு மூட்டுகள், நான்கு உறைகள்.

பந்தும் பள்ளமும் ஒன்றையொன்று உரசாமல் காப்பது கிரீஸ். அது வெளியே போகாமலும் புழுதி உள்ளே புகாமலும் காப்பது உறை. வேலை எளிதென்று எண்ண வேண்டா. மாருதி 800-இன் 12 அங்குலச் சக்கரம், 145/70 அளவு டயரோடு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 630 முறை சுழல்கிறது. தில்லியிலிருந்து சென்னை சேர்வதற்குள் சுமார் 14 லட்சம் சுற்றுகள். வளைவில் திரும்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் உறையின் ஒவ்வொரு மடிப்பும் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல ஒரு முறை விரிந்து ஒரு முறை சுருங்குகிறது. கோடையில் தார்ச்சாலையின் வெப்பம், பனிக்காலத்தில் குளிர், மழைக்காலத்தில் சேறு, தெருவில் கிடக்கும் கம்பித் துண்டு, நிறுத்திய வண்டிக்குள் குடியேறும் எலி, இவையனைத்தும் அதற்குப் பகை. காற்றிலுள்ள ஓசோன் என்னும் வாயு, இழுபட்டு நிற்கும் ரப்பரை மெல்ல வெடிக்கச் செய்யும். மடிப்பின் பள்ளத்தில்தான் வெடிப்பு முதலில் தோன்றும்.

வெடிப்பு துளையாகிவிட்டால் நிகழ்வன விரைந்து நிகழும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வுறை நொடிக்குப் பதினான்கு முறை சுழல்கிறது. கிரீஸ் உள்ளே தங்குமா? விசிறியடிக்கப்பட்டு, சக்கரத்தின் உட்புறத்திலும் அருகேயுள்ள இரும்புகளிலும் ஒரு கறுப்புக் கோடாகப் படிந்துவிடும். கிரீஸ் போன வழியே மணல் உள்ளே வரும். எஞ்சியிருக்கும் கொஞ்சம் கிரீஸோடு மணல் கலந்தால், அது வால்வு தேய்க்கும் பசைக்கு ஒப்பாகும். நுட்பமாகக் கடைந்த பள்ளங்களை அந்தப் பசை அரித்துவிடும். மும்பைவாசிகளுக்கு மணலைவிட மழைநீரே எதிரி. ஈரம் புகுந்து துரு ஏறிய பந்து, வழவழப்பை இழந்து குழி விழுந்துவிடும். பிறகு வளைவுகளில் ‘டக் டக்’ என்ற ஓசை எழும். அவ்வோசை எழுந்தபின் உறையை மாற்றுவது, வெள்ளம் புகுந்த வீட்டுக்குப் புதுக்கதவு போடுவதை ஒக்கும்.

ஆகவே பார்ப்பதே முதற்பணி. சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்புக. சக்கரம் விலகி நிற்க, அதன் பின்னால் உறை நன்கு தெரியும். கைவிளக்கை அடித்து ஒவ்வொரு மடிப்பையும் பார்க்க வேண்டும். பிறகு மறுபக்கம். கியர்ப்பெட்டியை ஒட்டிய உள்ளுறைகளை இவ்வாறு காண்பதரிது. எண்ணெய் மாற்ற வண்டியைத் தூக்கும்போது, ‘அதையும் ஒருமுறை காட்டு, பாய்’ என்று கேட்டுப் பார்த்துவிடுவது எளிது. பின்னர் ஆளில்லாத மைதானத்தில், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, மெதுவாக இடமாக ஒரு வட்டமும் வலமாக ஒரு வட்டமும் ஓட்டி, கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ‘டக் டக்’ என்று ஒலித்தால் வெளிமூட்டு தேய்ந்தது எனலாம். நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது மட்டும் வண்டி குலுங்குமானால் உள்மூட்டின்மேல் ஐயம் கொள்ளலாம்.

கிழிந்த உறையைக் கண்டதும் பட்டறைகளில் கிடைக்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: “பூரா ஆக்ஸில் பதல்னா படேகா, சாப்!” முழு இருசையும் மாற்றியே தீர வேண்டுமாம். இது எப்போதும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஓசை எழுந்துவிட்ட மூட்டுக்கு அதுவே முறை. முழு இருசை மாற்றுவது மிஸ்திரிக்கும் எளிது, உறையை மட்டும் மாற்றுவதென்றால் மூட்டைப் பிரித்து, கழுவி, கிரீஸ் அடைக்க வேண்டும், கூலியோ குறைவு. ஆயினும், ஓசை இல்லை, உள்ளே இன்னும் கிரீஸ் இருக்கிறது, கிழிசல் அண்மையில் ஏற்பட்டது என்றால் உறையை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. தொழிற்சாலையில் பொருத்திய நல்ல மூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஊர்பேர் தெரியாத மலிவு இருசு ஒன்றை மாட்டிக்கொண்டு வருவதில் இலாபம் என்ன? அடுத்த கோடைக்குள் அதுவே ஓசையிடத் தொடங்கும். “கோலிப் பாருங்கள், பள்ளம் வழவழப்பாக இருந்தால் பூட் மட்டும் போடுங்கள், கெட்டிருந்தால் எனக்குக் காட்டியபின் மாற்றுங்கள்” என்று சொல்லிவிட்டு, அருகிலேயே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவது நலம்.

தாமே இவ்வேலையைச் செய்ய விரும்பும் அன்பர்களும் நம்மிடையே உளர். இயந்திரப் பழக்கமும் தக்க கருவிகளும் உடையவர்க்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அவர்களுக்காகவும், பட்டறையில் நடப்பது இன்னதென்று அறிந்து கொள்ள விரும்புவோர்க்காகவும் முறையைச் சொல்கிறோம்.

முதலில் சாமான். தில்லியில் காஷ்மீரி கேட் சந்தையில் எல்லா உறையும் கிடைக்கும். நகல் சரக்கும் கிடைக்கும். காரின் பெயரோடு ஆண்டையும் சொல்லி, உள்மூட்டுக்கா வெளிமூட்டுக்கா என்பதையும் தெளிவாகக் கூறி வாங்க வேண்டும். உறையோடு பட்டைக் கிளாம்புகள் இரண்டு, கிரீஸ் பை ஒன்று, சர்க்கிளிப், புதிய நட்டு ஆகியவை வந்தால் நன்று. வாராதவற்றைத் தனியே கேட்டு வாங்குக. வெளிமூட்டுக்கு உரியது மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். உள்மூட்டுக்குப் பல கார்களில் வேறு வகை கிரீஸ் உண்டு. சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இரண்டுக்கும் ஆகாது.

சக்கரத்தின் நடுவேயுள்ள பெரிய நட்டே இருசைச் சக்கரத்தோடு பிணைப்பது. மிகுந்த இறுக்கமுடையதாதலின், சக்கரம் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, அதனைத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய வண்டியில் அந்த நட்டோடு மல்லுக்கட்டுவது ஆபத்தை அழைப்பதாகும். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரும்பு ஸ்டாண்டின்மேல் வண்டியை இறக்க வேண்டும். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டிக்கடியில் புகலாகாது. செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்துவதும் கூடாது. பாரம் தாங்காமல் செங்கல் எச்சரிக்கையின்றிப் பொடிந்துவிடும். இதனை இரண்டு முறை சொல்லவும் நாம் தயங்கவில்லை. உறை இன்று போனால் நாளை வாங்கலாம்.

சக்கரத்தைக் கழற்றியபின், கீழ்க்கையில் உள்ள பால் ஜாயிண்டை விடுவித்தால், சக்கரத்தைத் தாங்கும் பகுதி வெளிப்புறமாக நகரும். பல்வெட்டிய இருசு நுனியை அதிலிருந்து உருவலாம். துருப்பிடித்து வர மறுத்தால், நட்டை நுனிவரை திருகி வைத்து, மரக்கட்டையின்மேல் தட்ட வேண்டும். நேரடியாகச் சுத்தியல் பட்டால் மரை கெடும். பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்க. உருவிய இருசைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைத்து, கியர்ப்பெட்டியின் பக்கத்தில் நெம்புகோலை நுழைத்து உள்மூட்டை வெளியே தள்ளினால் முழு இருசும் கைக்கு வரும். கூடவே கியர் எண்ணெயும் வரும். கீழே ஒரு தட்டு வைத்திருக்க வேண்டும். எண்ணெய்த் தடுப்பான சீலில் கீறல் விழாதிருப்பது முக்கியம். இருசுகள் இரண்டையும் ஒருசேர உருவாமல் ஒவ்வொன்றாகச் செய்வது நல்லது. சில கியர்ப்பெட்டிகளில் இரண்டும் இல்லாதபோது உள்ளேயுள்ள பற்சக்கரங்கள் இடம் பெயர்ந்துவிடும்.

இனி மேசை வேலை. இருசை மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து வைஸில் பிடித்து, பழைய கிளாம்பையும் உறையையும் வெட்டி எறியலாம். எந்தத் துண்டு எத்திசை நோக்கியிருந்தது என்று வண்ணத்தால் குறியிட்டுக்கொள்க. வெளிமூட்டு சில கார்களில் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினால் தண்டை விட்டுக் கழன்று வரும். வேறு சிலவற்றில் அது தண்டோடு பிரியாது. அவற்றில் உள்மூட்டைக் கழற்றி, புதிய வெளியுறையை அந்த வழியாகவே நெடுக நடத்திச் சென்று மாட்ட வேண்டும். நம் கார் எவ்வினம் என்று அறியாமல் சுத்தியலை ஓங்குபவர் நல்ல மூட்டை உடைப்பர்.

மண்ணெண்ணெயில் மூட்டைக் கழுவ வேண்டும். பெட்ரோல் வேண்டா, தீப்பற்றும். ஒவ்வொரு பந்தாக மடக்கித் திருப்பிப் பார்க்கையில், பள்ளம் கண்ணாடிபோல் மின்னினால் மகிழ்க. விரல் நகம் தடுக்கும் பள்ளமோ, குழியோ, நீலம் பாரித்த சூட்டுத் தழும்போ இருந்தால் அம்மூட்டின் ஆயுள் முடிந்தது. நல்லதாயின் நன்கு உலரவிட வேண்டும். மண்ணெண்ணெய் தங்கினால் புதிய கிரீஸை அது நீர்க்கச் செய்துவிடும்.

உறையை மாட்டுமுன் தண்டின் பற்களின்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றுக. இல்லையேல் புத்துறையை நாமே கிழித்தவராவோம். முதலில் சிறிய கிளாம்பு, பிறகு உறை, பிறகு மூட்டு, புதிய சர்க்கிளிப்போடு. பையிலுள்ள கிரீஸ் முழுவதும் உள்ளே போக வேண்டும். பாதியைப் பந்துகளுக்கிடையே விரலால் அழுத்தி அடைத்து, மீதியை உறைக்குள் இட்டால் சரியாயிருக்கும். உறையின் விளிம்புகள் அவற்றுக்குரிய பள்ளங்களில் அமர்ந்தபின், மழுங்கிய திருப்புளி ஒன்றை விளிம்பினடியில் மெல்லச் செலுத்தினால் அடைபட்ட காற்று வெளியேறும். காற்று அடைந்திருந்தால் உறை பலூன்போல் உப்பும். இழுத்துக் கட்டினால் மடிப்பு குழியும். இரண்டும் மீண்டும் கிழிவதற்கே வழி. மடிப்புகள் இயல்பாக நிற்கும் நிலையில் கிளாம்பை அதற்குரிய குறட்டால் இறுக்குக. மின்கம்பியையும் பிளாஸ்டிக் பட்டையையும் கொண்டு கட்டி அனுப்பும் பட்டறைகளும் உண்டு. அக்கட்டுகள் நெடுநாள் நில்லா.

திரும்ப மாட்டும்போது உள்நுனி கியர்ப்பெட்டிக்குள் ‘க்ளிக்’ என்று அமர வேண்டும். மூட்டின் உடலைப் பிடித்து இலேசாக இழுத்து, அது வாராதிருப்பதை உறுதி செய்க. தண்டைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டு பிரிந்துவிடக்கூடும். பால் ஜாயிண்ட், சக்கரம், இறுதியாக அந்தப் பெரிய நட்டு. இதனை மதிப்பாகக் கையால் இறுக்குவது போதாது. காரின் கையேடு சொல்லும் அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால், சக்கரம் தரையில் நிற்கையில் இறுக்கி, ஸ்பிலிட் பின் இட்டோ, விளிம்பைத் தட்டி மடக்கியோ பூட்ட வேண்டும். இந்த நட்டு தளர்ந்திருந்தால் சக்கர பேரிங் கெடும். அதற்கு மேலும் கேடு விளையலாம். கொட்டிய கியர் எண்ணெயை நிரப்பவும் மறவற்க.

வாசகர் மற்றொன்றையும் அறிந்திருத்தல் நலம். இருசு முறிந்தாலும் கழன்றாலும் வண்டி நகராது என்பதோடு முடிவதில்லை. நாம் மேட்டில் காரை நிறுத்தும்போது கியரைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கமுடையவர்கள். இருசு ஒரு பக்கம் அறுந்த வண்டியைக் கியர் பிடித்து நிறுத்தாது; மறுபக்கச் சக்கரம் தடையின்றி உருளும். அந்நிலையில் கைப்பிரேக்கும் சக்கரத்துக்கடியில் ஒரு கல்லுமே துணை. ஓடும் வண்டியில் மூட்டு பிரிந்தால், கழன்ற தண்டு சுழன்றடித்துப் பக்கத்துப் பாகங்களையும் சிதைக்கக்கூடும்.

சந்தையில் பக்கவாட்டில் பிளந்த உறைகளும் விற்கிறார்கள். இருசைக் கழற்றாமலே சுற்றி ஒட்டிவிடலாம் என்பது அவற்றின் கவர்ச்சி. பசை பிடிக்க வேண்டிய இடமெல்லாம் கிரீஸ் படிந்திருக்க, அந்த ஒட்டு எத்தனை நாள் நிற்கும்? வழியில் கிழிந்த உறையோடு ஊர் போய்ச் சேர அது உதவலாம், அவ்வளவே. அதுவும் கிடைக்காத இடத்தில், உள்ளே கிரீஸை அடைத்து, வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்புவதைத் தவிர்த்து, அடுத்த ஊர்ப் பட்டறைவரை செல்லலாம்.

காரைவிட இவ்வுறைக்கு அதிகச் சோதனை தரும் வண்டி ஒன்று உண்டு. கோவாவின் கடற்கரையிலும் மணாலியை அடுத்த சோலாங் பள்ளத்தாக்கிலும் விடுமுறைக்குப் போன நம் பிள்ளைகள் ஆசையோடு ஏறி ஓட்டும் ‘ஏ.டி.வி.’ என்னும் தடித்த டயர் வண்டிதான் அது. நான்கு சக்கரமும் தனித்தனியே ஆடும்படியும், நான்கும் உந்தும்படியும் அமைந்த வகையில் இருசு நான்கு, மூட்டு எட்டு, உறை எட்டு. சாலையில் ஓடும் காருக்கு முள்ளும் கட்டையும் எப்போதோ ஒருமுறை. இதற்கோ அதுவே பாதை. சக்கரம் ஆடும் அளவு பெரிது. ஆதலின் மூட்டு மடங்கும் கோணமும் பெரிது. வண்டியை உயர்த்திக் காட்டுவதற்காகச் சிலர் மேலும் தூக்கிக் கட்டுவர். இருசு எந்நேரமும் வளைந்தே சுழல, மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயும்.

அவ்வண்டியில் உறை மாற்றும் முறை பெரிதும் மேலே சொன்னதே. சில இடங்களில் எளிதும்கூட. சக்கர நட்டின் ஸ்பிலிட் பின்னை உருவி நட்டைக் கழற்றி, மேற்கையின் போல்ட்டை விடுவித்தால் சக்கரத்தாங்கி வெளியே சாயும். உள்மூட்டின் உடலைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் இருசு கழலும். வேறுபாடு யாதெனில், இங்கே உள்ளே புகுந்திருப்பது பெரும்பாலும் சேறும் தண்ணீரும். ஓடை கடந்த வண்டியில் கிழிசல் ஒரு நாள் பழையதாயினும் மூட்டை முழுவதும் பிரித்துக் கழுவாமல் புத்துறை மாட்டலாகாது. கீழ்க்கையின்மேல் பிளாஸ்டிக் தடுப்பு பொருத்தியிருந்தால் முள் நேரே வந்து குத்துவது பெரிதும் குறையும். வாடகைக்கு விடுவோர் பலர் முதலில் இழப்பது அத்தடுப்பைத்தான். பிள்ளையை ஏற்றிவிடுமுன் நான்கு சக்கரங்களின் பின்னும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உறைகள் தொங்கிக்கொண்டிருந்தால், அவ்வண்டியின் பிரேக்கை அதன் உரிமையாளர் எவ்வளவு கவனித்திருப்பார் என்பதை நாமே ஊகிக்கலாம். வேறு வண்டி கேட்பதில் வெட்கமில்லை.

புத்துறை மாட்டிய காரை உடனே நெடும்பயணத்துக்கு எடுக்காமல், ஊருக்குள்ளேயே நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீண்டும் குனிந்து பார்க்க வேண்டும். கிளாம்பின் ஓரத்தில் மெல்லிய கிரீஸ் படலம் காணப்பட்டால் அஞ்ச வேண்டா; மாட்டும்போது வெளியே பூசிக்கொண்டதாக இருக்கலாம். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மறுநாள் ஓட்டியபின் பார்த்தால் தெரிந்துவிடும். மீண்டும் படிந்திருந்தால் கிளாம்பு இறுகவில்லை, பட்டறைக்குத் திரும்புக. படியவில்லையெனில் நாகபுரிச் சாலையைப் பிடிக்கலாம்.